‘கவனக்குறைவு’ என்று எழுதாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செங்கோட்டையில் முப்பத்து நான்கு வருடமாகத் தச்சுவேலை பார்க்கிறவன் நான். சின்னப் பட்டறை, என்னையும் சேர்த்து நாலு பேர். உங்கள் நாளிதழை டீக்கடையில் வைத்து, மாவட்டப் பக்கத்திலிருந்துதான் படிக்க ஆரம்பிப்பேன். போன வாரம் அந்தப் பக்கத்தின் மூலையில் நாலு வரிச் செய்தி ஒன்று. மரப்பட்டறையில் வேலை பார்த்த பையனுக்கு அறுக்கிற மெஷினில் கை பட்டு மூன்று விரல் போய்விட்டது. கடைசி வரியில், “கவனக்குறைவாக மெஷினை இயக்கியதே காரணம் என்று கூறப்படுகிறது.”

யார் கூறினார்கள் என்று போடவில்லை. பையன் கூறியிருக்க மாட்டான், அவன் ஆஸ்பத்திரியில் கிடந்திருப்பான்.

எனக்கு அவனைத் தெரியாது. ஆனால் அந்த மாதிரி மெஷின்களைத் தெரியும். நான் ஏறி இறங்கிய பட்டறைகளில் பிளேடுக்கு மேலே கவர் இருந்த மெஷினை இரண்டே இரண்டு இடத்தில்தான் பார்த்திருக்கிறேன். மற்ற இடங்களில் அது பரணில், வந்த அட்டைப்பெட்டியோடு, பிரிக்காமலே கிடக்கும். ஆயுத பூஜைக்குத் தூசு தட்டும்போது கீழே வரும், பூஜை முடிந்ததும் திரும்பப் பரணுக்கே போய்விடும். மெஷினுக்கு மட்டும் சந்தனம், குங்குமம், பொரிகடலை எல்லாம் உண்டு.

என் பட்டறையும் அப்படித்தான் இருந்தது. இந்தக் கடிதத்தை எழுத எனக்குள்ள தகுதியும் அதுதான். என் இடது கை ஆட்காட்டி விரலில் இரண்டு கணு கிடையாது.

2009-இல் நடந்தது. அப்போது மேஜையோடு வருகிற அறுப்பு மெஷின், டேபிள் சா, வாங்கக் காசு இல்லை. கையில் பிடித்து மரம் அறுக்கிற ஏழு அங்குலக் கைமெஷினைத் தலைகீழாகக் கவிழ்த்து, பிளைவுட் மேஜைக்கு அடியில் நாலு போல்ட் போட்டு முறுக்கி, பிளேடு மட்டும் மேலே தெரிகிற மாதிரி நானே ஒன்று செய்து வைத்திருந்தேன். எங்கள் பக்கம் பாதிப் பேர் இன்னமும் இதில்தான் அறுக்கிறார்கள். கவிழ்த்துப் போட்டால் அந்த மெஷினின் கவர் மேஜைக்கு இடைஞ்சல். அதனால் முதல் வேலையாகக் கழற்றினேன். ஸ்விட்சை எப்போதும் அழுத்தின வாக்கில் இருக்கும்படி கட்டுக்கம்பியால் கட்டியும் விட்டேன். நானே செய்தேன், யாரும் சொல்லவில்லை. அன்றைக்கு அது புத்திசாலித்தனமாகத்தான் தெரிந்தது.

மறுநாள் ஒரு வீட்டில் பால் காய்ச்சு. ஜன்னலுக்கு வேங்கைச் சட்டம் ஒன்று பாக்கி. சாயங்காலம் ஐந்தரை மணி இருக்கும், வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. ஒன்றரை அங்குல அகலத்துக்குக் கீற வேண்டும். அவ்வளவு ஒல்லியான சட்டத்தைப் பிளேடுக்கும், மரம் நேராகப் போக அணைத்து வைக்கிற அணைகட்டைக்கும் நடுவில் விரலால்தான் தள்ளினேன். கடைசி அரை அடியில் சட்டம் பிளேடைக் கவ்வியது. ‘டப்’ என்று ஒரு சத்தம். மரம் என்னைத் தாண்டிப் போய்ச் சுவரில் மோதி விழுந்தது. அது இருந்த இடத்தில் என் கை இருந்தது. வலியே இல்லை. வேங்கையில் செந்நிறப் பிசின் இருக்கும் இல்லையா, கை சிவந்திருந்ததைப் பார்த்து முதல் நொடி பிசின் என்றே நினைத்தேன்.

நான் கவனக்குறைவாக இருந்தேனா? அந்த நிமிஷம் பிளேடைத் தவிர வேறு எதையும் நான் பார்க்கவில்லை. கண் அதன் மேல்தான் இருந்தது. கண் பார்த்து, மூளை சொல்லி, கை பின்வாங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இரும்பு தேய்க்கிற நாலு அங்குலக் கை கிரைண்டரில் மரம் அறுக்கிற பிளேடு போட்டு ஓட்டுகிறார்களே, அது நிமிஷத்துக்குப் பன்னிரண்டாயிரம் சுற்றுக்குப் பக்கத்தில் சுற்றும். என் மகன் கணக்குப் போட்டுச் சொன்னான், அதன் பல் நுனி மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் போகிறதாம். அந்த வேகத்தோடு மனிதக் கவனம் எங்கே போட்டி போடும்?

மரம் ஏன் கவ்வுகிறது என்பதை மெஷின் விற்ற கடைக்காரர் சொல்லவில்லை. எனக்கு அது பிற்பாடுதான் புரிந்தது, அதுவும் என் அப்பா எப்போதோ சொன்னதை நினைத்துப் பார்த்தபோது. அவர் காலத்தில் பெரிய தடியை இரண்டு பேர் மேலும் கீழுமாக நின்று வாளால் அறுப்பார்கள். இரண்டடி அறுத்ததும் அறுத்த வாயில் ஒரு ஆப்பு அடிப்பார்கள். மரத்துக்குள் ஒரு முறுக்கு இருக்கிறது. அறுக்க அறுக்க அது தளர்ந்து, வாய் மூடப் பார்க்கும். ஆப்பு இல்லாவிட்டால் வாள் நகராது. ஆப்பசைத்த குரங்கின் கதை இதிலிருந்து வந்ததுதானே. பாதி அறுத்த மரத்தில் இருந்த ஆப்பைப் பிடுங்கி வாலை மாட்டிக்கொண்டது அது.

டேபிள் சாவில் பிளேடுக்குப் பின்னால், பிளேடை ஒட்டி, பிறை மாதிரி ஒரு இரும்புத் தகடு வரும். அது அந்த ஆப்பேதான். பிளேடின் முன்பக்கப் பற்கள் கீழே இறங்கி மரத்தை மேஜையோடு அமுக்கும். அதனால் அங்கே பயமில்லை. பின்பக்கப் பற்கள் மேலே எழும்பும். அறுத்த வாய் மூடி மரம் அந்தப் பற்களில் பட்டால், பல் அதைத் தூக்கி நம் வயிற்றைப் பார்த்து எறியும். மரம் போகிற வேகத்தில், தள்ளிக்கொண்டிருந்த கை பிளேடு மேல் விழும். வாய் மூடாமல் பார்த்துக்கொள்ளத்தான் அந்தத் தகடு. அதைக் கழற்றி வைத்துவிட்டு மெஷின் ஓட்டுகிறோம். கழற்றினால் அகலப் பலகையில் காடி, அதாவது நீளப் பள்ளம், போட வசதியாம். குரங்குக்காவது அது என்னவென்று தெரியாது.

அதற்குப் பிறகு நடந்ததையும் எழுதிவிடுகிறேன், இன்னொருவர் அந்தத் தப்பைச் செய்யாமல் இருக்கட்டும். துண்டான விரலைத் தேடி எடுத்தது என் கூட வேலை பார்த்த தம்பி. எதிரே மீன் வண்டியில் ஐஸ் வாங்கி, அதற்குள்ளேயே விரலை நேராகப் போட்டுக் கொண்டுவந்தான். நல்லெண்ணத்தில் செய்ததுதான். டாக்டர் பார்த்துவிட்டு, ஐஸில் நேரடியாகப் பட்டதால் சதை கெட்டுவிட்டது, ஒட்ட முடியாது என்றார். செய்திருக்க வேண்டியது இதுதான்: நல்ல தண்ணீரில் லேசாக அலசி, சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, தண்ணீர் போகாத பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டி, அந்தப் பையை ஐஸில் வைக்க வேண்டும். விரல் ஐஸைத் தொடவே கூடாது. காயத்தில் காப்பித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது. துணியை வைத்து அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு 108-க்குக் கூப்பிட வேண்டும். விரலில் மோதிரம் இருந்தால் வீங்குவதற்குள் கழற்ற வேண்டும். எல்லா ஆஸ்பத்திரியிலும் விரல் ஒட்டுகிற டாக்டர் இருக்க மாட்டார். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைக்கென்றே தனித்துறை இருக்கிறது, ஆனால் நாங்கள் இருப்பது மலையடிவாரத்தில். நமக்குப் பக்கத்தில் எங்கே செய்கிறார்கள் என்று ரத்தம் சொட்டும்போது விசாரிக்க முடியாது. இப்போது என் பட்டறைச் சுவரில் அந்த இடமும் போன் நம்பரும் பெயின்டால் எழுதியிருக்கிறேன்.

சட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், உங்கள் செய்தியின் கடைசி வரி என்னைக் குடைந்ததே அதனால்தான். 1923-இல் வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் (2025-இல் இதன் இடத்துக்குச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்தது) ஒரு பட்டியல் இருந்தது. எந்த உறுப்பு போனால் சம்பாதிக்கும் திறனில் நூற்றுக்கு எத்தனை போனதாகக் கணக்கு என்று அதில் போட்டிருந்தது. ஆட்காட்டி விரலில் இரண்டு கணு போனால் 11. ஒரு கையில் மூன்று விரல் போனால் 30. ஒரு வக்கீல் எனக்கு இதைப் படித்துக் காட்டியபோது, என் விரலுக்கும் சட்டத்தில் நம்பர் போட்டு வைத்திருக்கிறார்களே என்று சிரித்தேன். அவர் இன்னொன்றும் சொன்னார். வேலை பார்க்கிறவன் சாதாரணமாகக் கவனம் தவறினான் என்பதற்காக அந்தச் சட்டத்தில் இழப்பீடு மறுக்க முடியாது. குடித்துவிட்டு வேலை பார்த்திருந்தாலோ, பாதுகாப்புக்காகச் சொன்ன உத்தரவை வேண்டுமென்றே மீறியிருந்தாலோ, பாதுகாப்புக்கு வைத்த கவரை அவனே தெரிந்தே கழற்றியிருந்தாலோதான் சிக்கல்.

அப்படியானால் கேட்க வேண்டிய கேள்வி, கவரைக் கழற்றியது யார் என்பது. பெரும்பாலும் பட்டறைக்காரன், அதாவது என்னைப் போன்றவன். பையன் வேலைக்குச் சேருவதற்கு இரண்டு வருடம் முன்பே அது பரணுக்குப் போயிருக்கும். ஆனால் பேப்பரில் ‘கவனக்குறைவு’ என்று வந்துவிட்டால் அவன் அம்மா என்ன நினைப்பாள்? தப்பு நம்ம பிள்ளை மேல்தான், கேட்க வாய் இல்லை என்று முதலாளி கொடுக்கிற ஐயாயிரத்தையோ பத்தாயிரத்தையோ வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவாள். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் தச்சர்களும் பதியலாம், விபத்துக்கு உதவித்தொகை உண்டு. எத்தனை பேர் கார்டு போட்டிருக்கிறார்கள்? போட்டவர்களில் எத்தனை பேர் புதுப்பித்திருக்கிறார்கள்? நானே விரல் போன பிறகுதான் போட்டேன்.

நாலு பேர் வேலை பார்க்கிற பட்டறைக்குள் தொழிற்சாலை ஆய்வாளர் வரப்போவதில்லை. எங்களுக்கு நாங்களேதான் ஆய்வாளர். அதனால் என் பட்டறையில் இப்போது எப்படி என்று சொல்கிறேன்.

கவிழ்த்துப் போட்ட மேஜையைப் பிரித்து அடுப்புக்குப் போட்டுவிட்டேன். கவரும் பின்தகடும் உள்ள மெஷின் வாங்கியிருக்கிறேன், பழசுதான். பிளேடு மரத்துக்கு மேலே ஒரு பல் உயரம் தெரிந்தால் போதும், அதற்கு மேல் ஏற்றுவதில்லை. ஒல்லிச் சட்டத்தைத் தள்ளுவதற்குப் பிளைவுட் துண்டில் செருப்பு மாதிரி வெட்டி, குதிகாலில் ஒரு படி வைத்து நாலைந்து கட்டைகள் செய்து மாட்டியிருக்கிறேன். பையன்கள் அதைச் ‘செருப்பு’ என்றே சொல்கிறார்கள். ‘அண்ணாச்சி, செருப்ப எங்க வச்சீக?’ என்று கேட்டால் வெளியாட்கள் முழிப்பார்கள். அதைப் பிளேடு தின்றால் இன்னொன்று வெட்ட ஐந்து நிமிஷம். பிளேடுக்கு நேர் எதிரே யாரும் நிற்பதில்லை, பிளேடு வரிசைக்கு இடது பக்கம் ஒரு சாண் விலகித்தான் நிற்போம். மரம் எகிறினால் சுவருக்குப் போகட்டும்.

பழைய கதவு, நிலை எதுவும் அறுக்க வந்தால் முதலில் காந்தம். ஓட்டை ஸ்பீக்கரிலிருந்து கழற்றியது, நல்ல வலு. பலகை மேல் ஓட்டினால் உள்ளே ஒடிந்து நிற்கிற ஆணி இருக்கிற இடத்தில் இழுக்கும். ஆணியில் பட்ட பிளேடு பல் தெறித்தால் கண்தான் கணக்கு. கண்ணாடி போடாமல் மெஷின் பக்கம் வரக்கூடாது என்று வைத்திருக்கிறேன், இந்த ஒரு விஷயத்தில் பையன்களோடு இன்னமும் தினமும் சண்டை.

கரண்ட் சமாச்சாரம் தனி. கிரைண்டரின் ஸ்விட்ச் தள்ளுகிற ரகம், தள்ளினால் அப்படியே நிற்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போகும். ‘சே’ என்று கீழே வைத்துவிட்டு டீ குடிக்கப் போவான். ஸ்விட்ச் ஆனில்தான் இருக்கும். கரண்ட் வந்ததும் மெஷின் ஆள் இல்லாமல் தரையில் துள்ளும். ஒரு தடவை என் கண் எதிரே அப்படித் துள்ளி, பாலிஷ் டப்பாவைச் சிதறடித்து, தன் வயரையே அறுத்துக்கொண்டு நின்றது. அந்த இடத்தில் யாராவது குத்தவைத்திருந்தால் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பதில்லை. கரண்ட் போனால் முதலில் பிளக்கைப் பிடுங்கு என்பது அன்றிலிருந்து சட்டம். பிளேடு மாற்றுவதும் பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான், ஸ்விட்சை அணைத்தால் போதாது. சைட்டுக்குப் போனால் பிளக் இல்லாமல் வயரைத் தீக்குச்சி வைத்துச் சொருகுகிற பழக்கம் எல்லாருக்கும் உண்டு. எங்கள் ஊரில் ஆனியும் ஆடியும் சாரல் அடிக்கும், தரை முழுக்க ஈரம். குற்றாலத்துக்கு வருகிறவர்களுக்கு அது சீசன், ஈரக்காலோடு மெஷின் பிடிக்கிறவனுக்கு அது வேறு. கசிவு முப்பது மில்லியாம்பியரைத் தொடும்போதே கரண்டைத் துண்டிக்கிற ஆர்.சி.சி.பி. ஒன்றை எக்ஸ்டென்ஷன் பெட்டியிலேயே மாட்டி வைத்திருக்கிறேன், சைட்டுக்கு அது கூடவே வரும். ஒரு பலகை விலைதான்.

வீடு கட்டுகிற ஒரு அம்மா, பாவம் பிள்ளைகள் என்று எங்கள் பையன்களுக்குத் துணிக் கையுறை வாங்கிக் கொடுத்தார்கள். நான் வாங்கி உள்ளே வைத்துவிட்டேன். அவர்களுக்கு வருத்தம். பலகை தூக்க, சிராய் பொறுக்கக் கையுறை நல்லது. சுற்றுகிற பிளேடு பக்கம் அது எமன். ஒரு நூல் மாட்டினால் கையையே உள்ளே இழுத்துவிடும். கையில் கட்டுகிற சாமிக் கயிறும் அப்படித்தான். அவிழ்க்கச் சொன்னால் அபசகுனம் என்பான். அவிழ்த்து மெஷினிலேயே கட்டு, சாமி அங்கேயே இருந்து பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒருவனிடம் சொன்னேன். கட்டிவிட்டான், பிளேடுக்கு எட்டாத காலில். கைலி கட்டிக்கொண்டு கிரைண்டர் பிடிப்பதையும் நிறுத்தியாயிற்று.

தூசியைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று 1995-லேயே முதல் வகையில் சேர்த்துவிட்டது. மூக்கிலும் மூக்கை ஒட்டிய காற்றறைகளிலும் வருவது. நாம் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு வேலை பார்க்கிறோம். துண்டு கண்ணுக்குத் தெரிகிற தூளைத்தான் நிறுத்தும்.

என் மகன் போனில் ஒரு வீடியோ காட்டினான். அமெரிக்காவில் ஸ்டீவ் காஸ் என்கிறவர், காப்புரிமை வக்கீல், இயற்பியல் படித்தவர், ஒரு டேபிள் சா கண்டுபிடித்திருக்கிறார். பிளேடில் மெல்லிய மின்சாரம் ஓடும். மனிதத் தோல் பட்டதும் அதை உணர்ந்து, ஒரு அலுமினியக் கட்டை பாய்ந்து பிளேடைக் கவ்விவிடும். ஒரு நொடியை இருநூறாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு நேரத்தில் நின்றுவிடுகிறது. விரலுக்குப் பதிலாகச் சாசேஜ் என்கிற இறைச்சிக் குழல் ஒன்றை வைத்துத் தள்ளிக் காட்டுகிறார்கள், அதில் கீறல்தான் விழுகிறது. நான் மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். விலையைக் கேட்டதும் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அது வரும்போது வரட்டும். பரணில் கிடக்கிற கவருக்கு விலை ஏற்கெனவே கொடுத்தாயிற்று.

இரண்டு பேரிடம் எனக்குக் கேட்க இருக்கிறது. ஒருவர், நாலு அங்குல கிரைண்டருக்கு மரம் அறுக்கிற பல் பிளேடை விற்கிற கடைக்காரர். அந்த மெஷின் இரும்பு தேய்க்கச் செய்தது. மரப் பிளேடு போட்டால் கவர் பாதிதான் மூடும், மரம் கவ்வினால் மெஷின் கையிலிருந்து எகிறித் தொடைக்கோ கழுத்துக்கோ வரும். நூறு, இருநூறு ரூபாய் வியாபாரத்துக்காக அதை விற்காதீர்கள், அண்ணாச்சி. கேட்டு வருகிறவனிடம் கைமெஷின் வாங்கச் சொல்லுங்கள். உங்களுக்கும் அதில்தான் லாபம்.

இன்னொருவர் வீட்டுக்காரர். நல்ல நாள் குறித்துவிட்டு, முந்தின நாள் ராத்திரி வரை தச்சன் தலைமேல் நிற்காதீர்கள். ஜன்னல் ஒன்று இரண்டு நாள் கழித்து வந்தால் பால் பொங்காமல் போகாது. என் விரல் போன அன்று அந்த வீட்டுக்காரர் மூன்று தடவை போன் போட்டார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை, நல்ல மனிதர், ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தார். ஆனால் மூன்று தடவை.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான், ஐயா. அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வந்தால், வராமல் இருக்கட்டும், உங்கள் நிருபர் மூன்று கேள்வி கேட்டு எழுதட்டும். பிளேடு மேல் கவர் இருந்ததா, பின்னால் தகடு இருந்ததா, இல்லையென்றால் கழற்றியது யார். அதே நாலு வரியில் இது அடங்கும்.

செய்தியில் வந்த பையனின் வீட்டார் இதைப் படித்தால், நான் சொன்ன வக்கீலின் விலாசம் என்னிடம் இருக்கிறது. உங்கள் அலுவலகம் மூலம் கேட்டால் கொடுக்கிறேன், பையன் வேலை பார்த்த பட்டறைக்காரரோடு எனக்குப் பகை வேண்டாம் என்று என் பெயரை மட்டும் போடாமல் விடுங்கள்.

இப்படிக்கு,
மரப்பட்டறைக்காரர் ஒருவர்,
செங்கோட்டை, தென்காசி மாவட்டம்.